யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 22 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சேகரத்தைச் சேர்ந்தவள். இந்த ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். வெளிநாட்டு ஊழியத்துக்கு வாலிபரை அனுப்பும் ஒரு மிஷன் அமைப்பு, உகாண்டாவில் ஜின்ஜா நகருக்கு அருகே 6 மாத இன்டர்ன்ஷிப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வாரத்தில் 3 நாள் ஒரு குழந்தைகள் இல்லம், 2 நாள் கிராமங்களில் மருத்துவ முகாம், பிறகு ஞாயிறு பள்ளி என்று அட்டவணை வந்திருக்கிறது. "அங்கே டாக்டர்கள் குறைவு, இங்கே உங்களைச் செய்ய விடாததை எல்லாம் அங்கே நீங்களே செய்யலாம், தையல்கூடப் போடலாம்" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். 3 லட்சம் ரூபாயை நானே திரட்ட வேண்டும். அப்பாவோ, "இங்கே தேவை இல்லையா, உனக்கு ஆப்பிரிக்காதான் வேணுமா?" என்று கேட்கிறார். பள்ளி நாளிலிருந்தே இந்த அழைப்பு என் மனதில் இருக்கிறது. நான் போகலாமா? எதற்கெல்லாம் தயாராக வேண்டும்? முட்டை சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வரும். மற்றபடி எனக்கு நோய் எதுவும் இல்லை.

பதில்: அன்பான சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

நீங்கள் போக வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் உங்களுக்கு வந்திருக்கும் அட்டவணைப்படி போவதற்கு என்னால் சம்மதம் சொல்ல முடியவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் சில ஆண்டுகள் மருத்துவராக இருந்தவள் என்ற முறையிலும், இப்போது வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படும் வாலிபரைப் பரிசோதித்து அனுப்பும் வேலையில் இருப்பவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிற்கவைத்தது அப்பாவின் எதிர்ப்போ 3 லட்சம் ரூபாயோ இல்லை. "இங்கே செய்ய விடாததை அங்கே செய்யலாம்" என்ற அந்த ஒரு வாக்கியம்தான்.

அதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்பதை ஓர் இரவைச் சொல்லி விளக்குகிறேன். ஒரு வயது தாண்டிய ஒரு குழந்தையை அதன் தாய் முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எடை 5 கிலோ. கண்கள் குழிவிழுந்து, தோல் சுருங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மருத்துவ மாணவி, நீர் வற்றிப்போன குழந்தை என்று முடிவுசெய்து, நரம்பில் டிரிப் ஏற்ற ஊசியையும் குழாயையும் எடுத்துவைத்துவிட்டாள். அவள் படித்த பாடத்தின்படி அது தவறும் இல்லை. அந்த வார்டின் பொறுப்பில் இருந்த உள்ளூர் சிஸ்டர் ஒன்றும் பேசாமல் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தி, குழந்தையின் புறங்காலில் தன் கட்டைவிரலைச் சில விநாடிகள் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது. ஊட்டச்சத்துக் குறைவால் வரும் நீர்வீக்கத்தின் அடையாளம் அது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவில் கண் குழிவதும் தோல் சுருங்குவதும் நீர் வற்றியதற்கு அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. அந்த உடம்பின் இதயம் மெலிந்துபோயிருக்கும், நரம்பு வழியாக வேகமாக நீர் ஏறினால் அது நுரையீரலில் தேங்கிக் குழந்தை சில மணி நேரத்தில் மூச்சடைத்து இறந்துபோகலாம். அதனால்தான் இரத்த ஓட்டம் குன்றி அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருக்கும் குழந்தையைத் தவிர மற்றவர்களுக்கு டிரிப் போட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

அன்று இரவு சிஸ்டர் செய்தது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வைத்தியமாகவே தெரியாது. குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்தினார், இரத்தச் சர்க்கரையைப் பார்த்தார், ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். எஃப்-75 என்ற சிகிச்சைப் பாலைக் கரைத்து, 2 மணி நேரத்துக்கு ஒரு முறை 55 மில்லி என்று அளந்து கோப்பையில் கொடுக்கச் செய்தார். மாணவிக்குக் கொடுத்த வேலை, நேரம் பார்த்துத் தாயை எழுப்புவதும், கோப்பையைப் பிடித்துக்கொள்வதும், எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வாந்தியில் போயிற்று என்று அட்டையில் எழுதுவதும்தான். விடியும்வரை அவள் அதைச் செய்தாள். அங்கே தங்கியிருந்த மூன்று மாதங்களில் அவள் செய்த ஊழியத்தில் அதைவிடப் பெரியது ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இதை நான் மிகைப்படுத்துவதாக உங்களுக்குத் தோன்றலாம். நீங்கள் போகப்போகும் அதே ஜின்ஜாவில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து ஊழிய ஆவலோடு வந்த, மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத ஓர் இளம்பெண், இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே அங்கே ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். 2010 முதல் 2015 வரை அங்கே சேர்க்கப்பட்ட 940 குழந்தைகளில் 105 பேர் இறந்துபோனார்கள். பிள்ளைகளை இழந்த இரண்டு தாய்மார் 2019இல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020இல் தவறை ஒப்புக்கொள்ளாமலே ஈட்டுத்தொகையோடு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவர் தானே சிகிச்சை அளித்தார் என்பதே குற்றச்சாட்டின் மையம். தகுதியுள்ள உள்ளூர் ஊழியரே செய்தார்கள், தான் உதவி மட்டுமே செய்ததாக அவர் சொன்னார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் வெளிநாட்டு வாலிபர் ஒருவர் ஊசியோடு கிராமத்துக்குள் வந்தால் மக்கள் மனதில் என்ன ஓடும் என்பதை உங்களை அனுப்புகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே மருத்துவ முகாமைப் பற்றி நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியது இதுதான்: முகாமை நடத்தும் பதிவுபெற்ற உகாண்டா மருத்துவ அலுவலரோ செவிலியரோ யார், நான் யாருக்குக் கீழே வேலை செய்வேன், உகாண்டாவின் செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் மன்றத்தில் எனக்கு அனுமதி வாங்கித் தருவீர்களா, அந்த மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு இந்த முகாம் தெரியுமா? நம் ஊரில் பதிவு இல்லாத ஒருவர் ஊசி போட்டால் நாம் எப்படிப் பார்க்கிறோமோ அப்படியே அந்த நாட்டுச் சட்டமும் பார்க்கும். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யச் சொன்னால் அதற்கும் சம்மதிக்காதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் நீங்கள் செய்யக்கூடியது மிச்சமே இல்லை என்று நினைக்க வேண்டாம். உகாண்டாவின் கிராமங்களில் வி.எச்.டி. என்று அழைக்கப்படும் தன்னார்வச் சுகாதாரக் குழுவினர் வீடு வீடாகப் போகிறார்கள், நம் ஊர் ஆஷா பணியாளர்களைப் போல. அவர்களோடு நடந்து, குழந்தைகளின் மேற்கைச் சுற்றளவை வண்ண நாடாவால் அளந்து, 11.5 செ.மீ.க்குக் குறைந்து நாடாவின் சிவப்புப் பகுதியில் விழும் குழந்தையை மருத்துவமனைவரை கூட்டிப்போய்ச் சேர்ப்பதில் தையல் போடுவதைக் காட்டிலும் அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தொடங்கிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்த ஐடா ஸ்கடர், அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகள், அப்போது இளம்பெண். வந்து கூப்பிட்ட மூன்று வீட்டாரும் ஆண் மருத்துவர் வேண்டாம், நீயே வா என்றுதான் அவரைக் கேட்டார்கள். தெரியாத வேலையில் அவர் கை வைக்கவில்லை. அமெரிக்கா திரும்பி, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, அதன் பிறகே வேலூருக்கு வந்து ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். அழைப்பு கிடைத்த இரவுக்கும் முதல் நோயாளியைத் தொட்ட நாளுக்கும் இடையே இருந்த அந்தப் படிப்பு ஆண்டுகளும் அவருடைய ஊழியத்தில் சேர்ந்தவைதான். உங்களிடம் பட்டம் இருக்கிறது, அனுபவம் இன்னும் இல்லை. ஓராண்டு நம் ஊரிலேயே ஒரு குழந்தைகள் வார்டில் இரவுப்பணி பார்த்துவிட்டுப் போனால் அங்கே உங்கள் மதிப்பு இரட்டிப்பாகும் என்பது என் கருத்து. இதை ஒரு நிபந்தனையாக நான் வைக்கவில்லை, ஜெபத்தோடு யோசித்துப் பாருங்கள்.

அடுத்து அந்தக் குழந்தைகள் இல்லம். வாரத்தில் மூன்று நாள் என்பதால் உங்கள் காலத்தில் பாதிக்கு மேல் இதில்தான் போகப்போகிறது. பல நாடுகளில், குறிப்பாகக் கம்போடியாவில், நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது என்னவென்றால், அநாதை இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமையாலும், பள்ளிப் படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையாலும் அவர்களை விட்டுவிட்டுப் போகிறார்கள். வெளிநாட்டு வாலிபரும் காணிக்கையும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், இல்லத்தை நிரப்பிவைக்க வேண்டும் என்ற தேவையும் சிலருக்கு வந்துவிடுகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தைகளின் உரிமைகள் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில் இத்தகைய தன்னார்வச் சுற்றுலாவின் தீமையையும் குறிப்பிட்டது. இன்னொன்று உங்களைப் போன்ற அன்பான மனதுக்கு ஏற்றுக்கொள்ளக் கடினமானது. 6 மாதம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு நீங்கள் விமானம் ஏறும் நாளில், அந்தக் குழந்தைக்கு அது முதல் பிரிவாக இருக்காது. உங்களுக்கு முன் வந்தவரும் இப்படித்தான் போயிருப்பார், உங்களுக்குப் பின் வருகிறவரும் போவார். முதல் நாளே ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து நாம் நெகிழ்ந்துபோகிறோம். முன்பின் தெரியாத எல்லோரிடமும் அப்படி ஓடுவது, நிலையான ஓர் ஆள் தனக்கு இல்லாத குழந்தையின் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆகவே அந்த மூன்று நாட்களை மாற்றித் தரும்படி கேளுங்கள். குழந்தைகளைத் தங்கள் குடும்பத்துக்குத் திருப்பி அனுப்பும் வேலை அங்கே நடக்கிறதா என்று விசாரியுங்கள். நடந்தால், வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் உள்ளூர்ப் பணியாளரோடு துணைக்குப் போகலாம். இல்லத்திலேயே வேலை என்றால், குழந்தைகளை நேரடியாகப் பராமரிக்காமல், அங்குள்ள அம்மாக்களுக்குத் துணையாகச் சமையலறையிலும் மருந்துப் பதிவேட்டிலும் இருக்கலாம். குழந்தைகளோடு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை அறவே விட்டுவிடுங்கள். ஆதரவாளர்களுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று அமைப்பு வற்புறுத்தினால், நம் வீட்டுப் பிள்ளை நோயில் கிடக்கும்போது யாரோ ஒருவர் படமெடுத்து வேறு நாட்டில் காட்டினால் எப்படி இருக்கும் என்று அவர்களையே கேளுங்கள்.

நீங்கள் போகும் நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உகாண்டாவின் மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கிறிஸ்தவர்கள். 1877இல் முதல் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் அங்கே போனார்கள். பத்து ஆண்டுகள் முடிவதற்குள்ளாகவே அரசனின் அரண்மனைப் பையன்கள் உட்படப் பலர் விசுவாசத்துக்காக உயிரை விட்டார்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் அவர்களை நினைத்து லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள், பல நாள் நடந்தே வருகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட சபையிடம் நீங்கள் போகிறீர்கள். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துவதற்கு முன் சில வாரங்கள் அங்குள்ள ஆசிரியையின் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.

உங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர்கள் சொல்லப்போகும் சொல் "முஹிந்தி", அதாவது இந்தியர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் பாதை வேலையை ஒட்டியும் அதன் பிறகும் போன இந்தியர்கள் அங்கே கடைக்காரர்களாகவும் ஆலை முதலாளிகளாகவும் வளர்ந்தார்கள். 1972இல் உகாண்டாவின் அன்றைய அதிபர் இடி அமீன் அவர்களை 90 நாட்களுக்குள் வெளியேறச் சொன்னார். பின்னாளில் பலர் திரும்பிவந்தார்கள். இந்த வரலாற்றில் இரண்டு பக்கத்துக்கும் காயம் இருக்கிறது. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவராக நீங்கள் இருந்தாலும், ஜின்ஜா கடைத்தெருவில் உங்களைப் பணக்காரக் கடைக்காரரின் மகளாகத்தான் முதலில் பார்ப்பார்கள். அதைக் கேட்டு மனம் சுருங்காமலிருக்க இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் நின்று பேசியதை நம் சபைகளில் இன்னும் நினைவுகூர்கிறோம். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பதே அவர் மேற்கத்திய மிஷனரிகளை நோக்கி வைத்த வேண்டுகோள். கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் இடையே இருந்த உயரத்தைப் பற்றித்தான் அவர் பேசினார், வாங்கும் பக்கத்திலிருந்து பேசினார். இப்போது நம் பிள்ளைகள் கொடுக்கும் பக்கத்தில் நிற்கிறார்கள். நாம் அன்று கேட்டதை உகாண்டாவின் ஒரு சிஸ்டரோ ஒரு கிராமத்துத் தாயோ இன்று நம்மிடம் கேட்காமலே எதிர்பார்ப்பார்கள்.

நட்பு மொழியில்தான் தொடங்குகிறது. ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி என்பதால் சமாளித்துவிடலாம் என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லக்கூடும். கிராமத்துத் தாய் தன் குழந்தையின் நோயை லுசோகாவிலோ லுகாண்டாவிலோதான் சொல்வாள். "வசுஸே ஓத்ய" என்றால் லுகாண்டாவில் இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று பொருள். காலையில் அதைக் கேட்டு, பதிலை நின்று கேட்டு, வீட்டாரையும் விசாரித்த பிறகே வந்த காரியத்தைப் பேசுவது அந்தப் பகுதியின் மரியாதை. பெரியவர்களுக்கு முன் பெண்கள் முழங்கால் மடக்கி வணக்கம் சொல்வதையும் பார்ப்பீர்கள். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அவருக்கு உங்களைவிட ஒரு வயதுதான் அதிகம். பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித்தான் அவர் நம் மொழியைத் தொடங்கினார். முதல் மாதம் முழுவதையும் மொழிக்கே ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். 6 மாதத்தில் 1 மாதம் வீண் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு இந்த வேலை சரியாகத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி அப்பா. அவர் கேட்ட கேள்வியை எதிர்ப்பாக மட்டும் பார்க்காதீர்கள். தேவை இங்கேயும் இருக்கிறது என்பது உண்மை, அழைப்பு வேறு நாட்டுக்கு இருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் மகளைத் தனியே அனுப்பும் தகப்பன் வெளியில் கேட்கும் கேள்விக்கு உள்ளே வேறு கேள்விகள் இருக்கும். அங்கே யார் வீட்டில் தங்குவாய், இரவில் யாரோடு பயணம் செய்வாய், உனக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், தலைவரே தவறாக நடந்தால் யாரிடம் சொல்வாய்? இவற்றுக்கு அமைப்பிடமிருந்து எழுத்தில் பதில் வாங்கி அவர் கையில் கொடுங்கள். புகார் சொல்ல வேண்டிய ஆள் உங்கள் பணித்தளத் தலைவராக இல்லாமல் வேறொருவராக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. திரும்பும் டிக்கெட்டும், வேறு நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை தரும் செலவையும் ஏற்கும் மருத்துவக் காப்பீடும் அந்த 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மீதி எவ்வளவு ஜின்ஜாவுக்குப் போகிறது, எவ்வளவு இங்கேயே நிற்கிறது என்ற கணக்கைச் சேகரத்தில் காணிக்கை கொடுப்பவர்களும் கேட்க உரிமை உள்ளவர்கள். கணக்குக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் அமைப்போடு போக வேண்டாம். முடிந்தால் உங்கள் குருவானவரையும் அழைத்துக்கொண்டு, அப்பாவையே ஒருங்கிணைப்பாளரிடம் பேச வையுங்கள்.

உடல்நலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரமாக உங்கள் மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். உகாண்டாவின் மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, மூளையைத் தாக்கக்கூடியது, அங்கே குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்து பயன்படாது. தடுப்பு மருந்தை ஒரு நாளும் விடக் கூடாது. டாக்ஸிசைக்ளின் என்றால் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். வந்த பின் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஹெப்படைட்டிஸ் பி ஊசி போட்டிருப்பீர்கள், எதிர்ப்புச்சக்தி வந்திருக்கிறதா என்று இரத்தத்தில் பார்த்துவிடுங்கள். ஊசி குத்திக்கொண்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஜின்ஜாவில் விக்டோரியா ஏரியிலிருந்து நைல் நதி புறப்படும் இடம் அவ்வளவு அழகாக இருக்கும், ஆனாலும் தண்ணீரில் இறங்காதீர்கள். அங்குள்ள நத்தைகள் வழியாக பில்ஹார்சியா என்ற புழு நோய் தோல் மூலமே உடலுக்குள் போய்விடும். போடா-போடா என்ற வாடகை மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல், குறிப்பாக இரவில், ஏற வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த முட்டை விஷயம். உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. அது இல்லாமல் திரும்பினால் இந்தியாவிலும் உங்களை 6 நாள்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். இந்தத் தடுப்பூசி கோழி முட்டைக் கருவில் தயாராவது என்பதால், முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நேரடியாகப் போடக் கூடாது. உங்களுக்கு வருவது வெறும் தடிப்பா, அல்லது எப்போதாவது உதடு வீங்கியதா, மூச்சு முட்டியதா என்பதை அம்மாவிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, முதலில் ஓர் ஒவ்வாமை நிபுணரைப் பாருங்கள். அவர் சரி என்றால் சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையம் போன்ற அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட்டுக்கொள்ள முடியும், சான்றிதழ் ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் செல்லும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். போட முடியாது என்று நிபுணர் சொல்லிவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், மஞ்சள் காய்ச்சல் இல்லாத நாடுகளில் செவிலியருக்குப் பயிற்சி தரும் மிஷன் மருத்துவமனைகளைப் பற்றி அப்போது பேசலாம்.